ஒரே சர்வரில் பல தளங்கள்: ஹோஸ்ட் பெயரைக் கொண்டு கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் முழுமையான வழிகாட்டி

மதுரை கே.கே. நகரில் உள்ள எங்கள் சிறிய அலுவலகம் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வர் ஒன்றுதான். அதில் ஓடும் தளங்களோ மூன்று. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் கடை வைத்திருக்கும் ஒரு வியாபாரி அன்றாடம் மல்லிகை விலையை அறிவிக்கும் தளம், தெற்கு மாசி வீதிச் சேலைக்கடை ஒன்றின் சுங்குடிப் பட்டியல், ஒத்தக்கடைப் பக்கம் உள்ள ஒரு திருமண மண்டபத்தின் முன்பதிவுப் பக்கம் ஆகியவை அவை. மூன்றுக்கும் ஐ.பி. முகவரி ஒன்றே, போர்ட் எண்களும் 80, 443 என்ற அதே இரண்டுதான். முன்வாசலில் கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருள், அதன் பின்னே பைத்தான் மொழியின் ஜாங்கோ கட்டமைப்பில் எழுதிய ஒரே செயலி என்பது எங்கள் அமைப்பு. உலாவியிலிருந்து வரும் ஒரு கோரிக்கை இம்மூன்றில் எதற்கு உரியது என்பதை ஹோஸ்ட் பெயரை, அதாவது உலாவியில் தட்டும் தளப் பெயரை, வைத்துத் தீர்மானிப்பது எப்படி என்பதை, நாங்கள் செய்த வரிசையில் அல்லாமல், செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுகளில் மல்லி.டெஸ்ட், சுங்குடி.டெஸ்ட், மண்டபம்.டெஸ்ட் என்ற பெயர்களைப் பயன்படுத்துகிறேன். டெஸ்ட் என்னும் அந்த இறுதிப் பகுதி சோதனைகளுக்கென்றே 1999ஆம் ஆண்டில் ஒதுக்கி வைக்கப்பட்டது. அதன் கீழ் யாரும் பெயர் வாங்க முடியாது. இவற்றை இங்கே தமிழெழுத்தில் எழுதினாலும் ஆங்கில எழுத்துப் பெயர்களாகவே கொள்ள வேண்டும். தமிழெழுத்துப் பெயர்களுக்கே உரிய சிக்கல்களுக்குப் பின்னால் தனிப்பகுதி உண்டு. கட்டளைப் பெயர்களையும் ஒலிக்கும் வடிவில்தான் எழுதியிருக்கிறேன். என்ஜின்எக்ஸ் கோப்பில் இடும்போது அவற்றின் சொற்களுக்கிடையே அடிக்கோடு வரும்.

கோரிக்கையில் பெயர் எங்கே இருக்கிறது

பயனர் உலாவியில் மல்லி.டெஸ்ட் என்று தட்டினால், உலாவி முதலில் டி.என்.எஸ். வழியாக அப்பெயருக்குரிய ஐ.பி. முகவரியைக் கேட்டுப் பெறுகிறது. பிறகு அந்த முகவரிக்கு இணைப்பை ஏற்படுத்துகிறது. இந்தக் கட்டத்தில் சர்வருக்குத் தெரிவது யாரோ ஒருவர் வாசலுக்கு வந்திருக்கிறார் என்பது மட்டுமே. அவர் யாரைத் தேடி வந்தார் என்பது, கோரிக்கையின் முதல் வரிக்குக் கீழே ஹோஸ்ட் என்று தொடங்கும் ஹெட்டர் வரியில் இருக்கிறது.

மதுரையின் பழைய தெருக்களில் வளவு வீடுகள் உண்டு: தெருவாசல் ஒன்று, கதவிலக்கம் ஒன்று, உள்ளே ஏழெட்டுக் குடித்தனங்கள். தபால்காரர் கதவிலக்கத்தைப் பார்த்து வாசல்வரை வந்துவிடுவார். எந்தக் குடித்தனத்துக்குக் கொடுப்பது என்பதற்கு உறையின் மேல் எழுதியிருக்கும் பெயர்தான் வழி. ஐ.பி. முகவரி கதவிலக்கம், ஹோஸ்ட் வரி உறைமேல் உள்ள பெயர். அந்தப் பெயரை எழுதியவர் அனுப்புநர் என்பதையும் இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அனுப்புநர் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பின்னால் வரும் பாதுகாப்புச் சிக்கல்களில் பெரும்பாலானவை இதை மறந்ததனால் வருபவை.

இந்த வரி எப்போதும் கட்டாயமாக இருந்ததில்லை. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எச்.டி.டி.பி.யின், 1996இல் ஆவணமாக்கப்பட்ட 1.0 பதிப்பில் ஹோஸ்ட் வரியை அனுப்ப வேண்டும் என்ற விதி இல்லை. ஆகவே தளம் ஒன்றுக்கு முகவரி ஒன்று தேவைப்பட்டது. நான்காம் பதிப்பு ஐ.பி. முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான் என்னும்போது அது நெடுநாள் தாங்கும் ஏற்பாடு அன்று. 1997 ஜனவரியில் வந்த எச்.டி.டி.பி. 1.1 ஹோஸ்ட் வரியைக் கட்டாயமாக்கியது. அது இல்லாத 1.1 கோரிக்கைக்குச் சர்வர் 400 என்ற பிழை எண்ணைத் திருப்பியனுப்ப வேண்டும். 2015இல் வந்த எச்.டி.டி.பி. 2இல் அதே தகவல் அத்தாரிட்டி என்ற பெயரில், முன்னே முக்காற்புள்ளி இட்ட போலி ஹெட்டராக வருகிறது. நல்லவேளையாக என்ஜின்எக்ஸும் பெரும்பாலான கட்டமைப்புகளும் இரண்டையும் ஒரே மாறியில் போட்டுத் தந்துவிடுவதால், நாம் இரண்டு விதமாக நிரல் எழுத வேண்டியதில்லை.

முதற்படி: அடையாளம் தெரியாதவருக்கான கதவு

எல்லோரும் தம் தளங்களின் பெயர்களை எழுதுவதிலிருந்து தொடங்குகிறார்கள். நான் அதை முதலில் செய்ய வேண்டாம் என்பேன். பட்டியலில் இல்லாத ஒரு பெயருடன், அல்லது பெயரே இல்லாமல் வெறும் ஐ.பி. முகவரியுடன், ஒரு கோரிக்கை வந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நாம் முடிவு செய்யாவிட்டால் என்ஜின்எக்ஸ் நமக்காக ஒரு முடிவை எடுத்துவிடும்: அந்தப் போர்ட்டுக்கு உரிய சர்வர் பகுதிகளில் (அமைப்புக் கோப்பில் தளத்துக்கொன்றாக எழுதுபவை) எது முதலில் படிக்கப்பட்டதோ அதற்கே அந்தக் கோரிக்கையைத் தள்ளிவிடும்.

முதலில் படிக்கப்படுவது எது என்பதும் நாம் நினைப்பதுபோல் இருப்பதில்லை. உபுண்டுவில் தளக் கோப்புகளை ஒரு அடைவில் தனித்தனியே வைத்து, அவை அனைத்தையும் உடுக்குறியால் (*) உள்ளிழுப்பது வழக்கம். அவ்வாறு உள்ளிழுக்கும்போது கோப்புப் பெயர்களின் அகரவரிசையே படிக்கும் வரிசை. அதாவது, நாளை ஆங்கில ஏ எழுத்தில் தொடங்கும் பெயருடன் நான்காவது வாடிக்கையாளர் ஒருவர் வந்து சேர்ந்தால், ஊர் பேர் தெரியாத கோரிக்கைகள் எல்லாம் அன்று முதல் அவர் தளத்துக்குப் போகும். யாரும் எதையும் மாற்றவில்லை என்று அலுவலகத்தில் எல்லோரும் சத்தியம் செய்வார்கள்.

ஆகவே, தனியாக ஒரு சர்வர் பகுதி எழுதி, அதன் லிசன் வரியில் போர்ட் 80உடன் டீஃபால்ட் சர்வர் என்று சேர்க்க வேண்டும். சர்வர் நேம் என்ற இடத்தில் ஒற்றை அடிக்கோட்டை இடலாம். அந்த அடிக்கோட்டுக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. எந்தப் பெயருடனும் பொருந்தாத செல்லாத பெயர் அது, அவ்வளவே. உண்மையான வேலையைச் செய்வது டீஃபால்ட் சர்வர் என்னும் சொல்தான். பகுதியின் உள்ளே ரிட்டர்ன் 444 என்ற ஒரே வரி போதும். 444 என்பது எச்.டி.டி.பி. தரத்தில் இல்லாத, என்ஜின்எக்ஸ் தனக்கென வைத்துக்கொண்ட எண். பதில் எதுவும் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிடும்.

குறியாக்கிய எச்.டி.டி.பி.எஸ். இணைப்புகள் வரும் 443ஆம் போர்ட்டுக்கும் இதே போன்ற பகுதி தேவை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் வரும் கேடு கண்ணுக்குத் தெரியாதது: வெறும் ஐ.பி. முகவரியோடு இணைக்கும் எவருக்கும், முதலில் படிக்கப்பட்ட தளத்தின் சான்றிதழ், அதாவது அத்தளத்தின் அடையாளத்தை உலாவிக்கு மெய்ப்பிக்கும் கோப்பு, காட்டப்படும். அதில் நம் வாடிக்கையாளரின் பெயர் இருக்கும். என்ஜின்எக்ஸ் 1.19.4 முதல் எஸ்.எஸ்.எல். ரிஜெக்ட் ஹேண்ட்ஷேக் என்ற கட்டளை இருக்கிறது. அதை ஆன் என்று வைத்தால், தெரியாத பெயருடன் வருபவரைச் சான்றிதழ் காட்டாமலே திருப்பியனுப்பிவிடலாம். அந்தப் பகுதிக்கெனத் தனிச் சான்றிதழும் வேண்டியதில்லை.

இரண்டாம் படி: தளங்களின் பெயர்களை எழுதுதல்

இனி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சர்வர் பகுதி. மல்லி.டெஸ்ட் தளத்தின் பகுதியில் சர்வர் நேம் என்ற கட்டளைக்குப் பின் அந்தப் பெயரை மட்டும் எழுதுகிறோம். முன்னே மூன்று டபிள்யூ சேர்ந்த வடிவத்தை அதே வரியில் எழுதுவதை நான் விரும்புவதில்லை; அதற்கு இரண்டு வரிகளில் தனிப்பகுதி ஒன்றை எழுதி, 301 எண்ணுடன் முதன்மைப் பெயருக்குத் திருப்பிவிடுவது நல்லது. ஒரே பக்கம் இரண்டு பெயர்களில் கிடைத்தால் குக்கீகள் ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போகும். மண்டபத் தளத்தில் உள்நுழைந்தவர் அடுத்த பக்கத்தில் வெளியே நிற்பார்.

பெயர்களைப் பொருத்திப் பார்ப்பதில் என்ஜின்எக்ஸ் ஒரு நிலையான வரிசையைப் பின்பற்றுகிறது. முழுமையாக எழுதப்பட்ட பெயருக்கே முதலிடம்; அடுத்து உடுக்குறியில் தொடங்கும் பெயர்களில் மிக நீளமானது; அடுத்து உடுக்குறியில் முடியும் பெயர்களில் மிக நீளமானது; கடைசியாக, ஒழுங்குச் சொற்கோவைகளில் (பெயர் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று குறிகளால் எழுதும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள்) கோப்பில் முதலில் பொருந்துவது. ஒழுங்குச் சொற்கோவைக்கு மட்டுமே கோப்பில் எழுதிய வரிசை முக்கியம் என்பதைக் கவனிக்க வேண்டும். மற்றவற்றை எந்த வரிசையில் எழுதினாலும் விளைவு ஒன்றே. ஒரே பெயரை இரண்டு பகுதிகளில் எழுதிவிட்டால் என்ஜின்எக்ஸ் நின்றுவிடாது; ஓர் எச்சரிக்கையை மட்டும் கூறி, இரண்டாவதைப் புறக்கணித்துவிடும். பழைய கோப்பை நகலெடுத்துப் புதிய தளம் உருவாக்குபவர்கள் அந்த எச்சரிக்கை வரியைப் படிக்காமல், புதுத் தளம் ஏன் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தலைகளில் ஒன்று என்னுடையது.

என்ஜின்எக்ஸைப் போன்ற மற்றொரு வலைச் சர்வரான அப்பாச்சியைப் பயன்படுத்துபவர்களுக்கும் கருத்து இதுவே: வர்ச்சுவல்ஹோஸ்ட் பகுதிக்குள் சர்வர்நேம், சர்வர்அலையஸ் என்ற வரிகள் பெயர்களைத் தாங்குகின்றன, எதுவும் பொருந்தாதபோது முதல் பகுதியே ஏற்கிறது. பழைய கட்டுரைகள் எழுதச் சொல்லும் நேம்வர்ச்சுவல்ஹோஸ்ட் என்ற வரிக்கு 2.4 பதிப்பில் வேலை இல்லை.

மூன்றாம் படி: சான்றிதழ்களும் பூட்டிய உறையும்

எச்.டி.டி.பி.எஸ். வந்தபோது இந்த ஏற்பாட்டில் ஒரு முடிச்சு விழுந்தது. ஹோஸ்ட் வரி குறியாக்கத்துக்குள், அதாவது பூட்டிய உறைக்குள், இருக்கிறது. உறையைத் திறக்க எந்தத் தளத்தின் சாவி வேண்டும் என்பது பெயர் தெரிந்தால்தான் தெரியும்; பெயரோ உறைக்குள் இருக்கிறது. 2003ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட எஸ்.என்.ஐ. என்னும் நீட்டிப்பு இந்த முடிச்சை அவிழ்த்தது: குறியாக்கம் தொடங்குவதற்கு முன்பே, முதல் செய்தியிலேயே, உலாவி தான் தேடும் பெயரை வாசலில் உரக்கச் சொல்லிவிடுகிறது. அதைக் கேட்டு என்ஜின்எக்ஸ் உரிய சான்றிதழை எடுத்து நீட்டுகிறது. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு இது தெரியாது என்பதால், பல ஆண்டுகள் வரை தளத்துக்கு ஒரு முகவரி என்ற பழைய வழக்கம் நீடித்தது. இன்று அந்தக் கவலை இல்லை.

ஆனால் பெயர் இப்போது இரண்டு இடங்களில் இருக்கிறது: வாசலில் சொன்னது ஒன்று, உறைக்குள் எழுதியது மற்றொன்று. இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பக் கூடாது. இரண்டு பெயர்கள் ஒரே சான்றிதழிலும் ஒரே முகவரியிலும் இருந்தால், எச்.டி.டி.பி. 2இல் உலாவியே முதல் பெயருக்காகத் திறந்த இணைப்பில் இரண்டாவது பெயருக்கான கோரிக்கையையும் அனுப்புவதற்கு இடம் உண்டு. அப்படி வந்த கோரிக்கையைத் தம்மால் கையாள முடியாது என்று சொல்லவே 421 என்ற எண் அப்போது சேர்க்கப்பட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு எளிய தீர்வு, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனிச் சான்றிதழ் வைத்துவிடுவது. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும்போது ஒரே சான்றிதழில் பல பெயர்களைத் திணிப்பதில் மிச்சமாவது எதுவும் இல்லை. ஒரு கடைக்காரரின் சான்றிதழைத் திறந்து பார்த்தால் மற்றவர்கள் பெயரும் தெரியும் என்ற சங்கடமும் நீங்கும்.

உடுக்குறிப் பெயர்களில் ஒரு பொறி உண்டு. என்ஜின்எக்ஸில் உடுக்குறி, புள்ளி, மண்டபம்.டெஸ்ட் என்று எழுதினால் அது எத்தனை அடுக்கு துணைப்பெயருக்கும் பொருந்தும். சான்றிதழில் உள்ள உடுக்குறியோ ஒரே ஓர் அடுக்கை மட்டுமே குறிக்கும். ஆகவே புக்கிங்.மண்டபம்.டெஸ்ட் சரியாகத் திறக்கும்; அதன் முன்னே இன்னொரு சொல் சேர்ந்தால், கோரிக்கை சரியான பகுதிக்கே போனாலும் உலாவி எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டும். உடுக்குறிச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் 2018 முதல் வழங்குகிறது. அதற்கு டி.என்.எஸ். பதிவை மாற்றி உரிமையை மெய்ப்பிக்க வேண்டும். கோப்பு ஒன்றைத் தளத்தில் வைத்துக் காட்டும் முறை அதற்குச் செல்லாது.

நான்காம் படி: பெயரைச் செயலியிடம் சிதையாமல் சேர்த்தல்

என்ஜின்எக்ஸ் சரியான பகுதியைத் தேர்ந்துவிட்டது. இனி அது கோரிக்கையை 127.0.0.1 முகவரியின் 8000ஆம் போர்ட்டில் காத்திருக்கும் செயலிக்கு அனுப்ப வேண்டும். நாம் எதுவும் சொல்லாவிட்டால், அனுப்பும்போது ஹோஸ்ட் வரியை என்ஜின்எக்ஸ் மாற்றி எழுதிவிடும்: உலாவி எழுதிய மல்லி.டெஸ்ட் மறைந்து, கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் ப்ராக்ஸி பாஸ் வரியில் உள்ள 127.0.0.1:8000 அந்த இடத்தில் அமரும். மூன்று தளங்களிலிருந்தும் வரும் கோரிக்கைகள் செயலிக்கு ஒன்றுபோலவே தெரியும். இதைத் தடுக்க, ப்ராக்ஸி செட் ஹெட்டர் என்ற கட்டளையால் ஹோஸ்ட் வரிக்கு டாலர் குறியுடன் கூடிய ஹோஸ்ட் என்ற மாறியைக் கொடுக்க வேண்டும்.

எச்.டி.டி.பி. ஹோஸ்ட் என்ற வேறொரு மாறியும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் இரண்டும் மாறி மாறி வரும். அது உலாவி எழுதியதை எழுதியபடியே, பெரிய எழுத்து, போர்ட் எண் எல்லாவற்றோடும் தரும். முன்னதோ சிறிய எழுத்தாக்கி, போர்ட் எண்ணை நீக்கித் தருகிறது. வழக்கமான 80, 443 போர்ட்டுகளில் ஓடும் தளத்துக்கு முன்னதே போதும். வேறு போர்ட்டில் ஓடி, செயலி முழு முகவரியை உருவாக்க வேண்டியிருந்தால் மட்டும் பின்னதைப் பற்றி யோசிக்கலாம்.

இக்கட்டளையில் மறைந்திருக்கும் ஒரு வழுக்கலைச் சொல்லியாக வேண்டும். ப்ராக்ஸி செட் ஹெட்டர் வரிகளை மேல்நிலையில், சர்வர் பகுதியில் எழுதிவிட்டு, உள்ளே குறிப்பிட்ட பாதைக்கான ஒரு லொகேஷன் பகுதியில் வேறு காரணத்துக்காக ஒரே ஒரு ப்ராக்ஸி செட் ஹெட்டர் வரியைச் சேர்த்தாலும், மேலே எழுதிய அனைத்தும் அந்த லொகேஷனுக்கு இல்லாமல் போய்விடும். அவை ஒன்றோடொன்று சேர்வதில்லை. ஒரு பக்கம் மட்டும் 400 பிழையுடன் நிற்கிறது, மற்றவை சரியாக இருக்கின்றன என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பொது வரிகளைத் தனிக் கோப்பில் வைத்து, தேவைப்படும் ஒவ்வொரு லொகேஷனிலும் இன்க்ளூட் செய்வது எங்கள் வழக்கமாகிவிட்டது.

எக்ஸ் ஃபார்வர்டட் ஹோஸ்ட் என்ற இன்னொரு ஹெட்டரும் இருக்கிறது. முன்னே இருக்கும் ப்ராக்ஸி, தான் பெற்ற பெயரைப் பின்னால் இருப்பவருக்குச் சொல்லப் பயன்படுத்துவது அது. வெளியிலிருந்து வரும் எவரும் அதைத் தாமே எழுதி அனுப்பலாம். என்ஜின்எக்ஸ் அதைத் தொடாமல் உள்ளே விட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் எக்ஸ்பிரஸ் கட்டமைப்பில் டிரஸ்ட் ப்ராக்ஸி என்ற அமைப்பை இயக்கியிருந்தால், செயலி ஹோஸ்ட் வரியைப் பார்க்காமல் இதையே பெயராக எடுத்துக்கொள்ளும். இதை நாம் பயன்படுத்தவில்லை என்றால் வெற்று மதிப்பைக் கொடுத்து வாசலிலேயே நீக்கிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: செயலிக்குள் பிரித்தல்

செயலிக்குள் பிரிப்பதற்கு ஒவ்வொரு மொழியிலும் வசதிகள் உள்ளன. கோ மொழியின் தரநிலை நூலகத்தில், பாதைக்கு முன்னால் பெயரைச் சேர்த்து எழுதினாலே போதும். பெயருடன் எழுதிய வடிவம் பெயரில்லாத வடிவத்தைவிட முன்னுரிமை பெறும். ரூபி மொழியின் ரெயில்ஸில் துணைப்பெயரை நிபந்தனையாக வைக்கலாம். ஜாங்கோவில் இதற்கென ஒரு சிறிய மிடில்வேர், அதாவது ஒவ்வொரு கோரிக்கையும் முதலில் கடந்து செல்லும் நிரல்துண்டு, எழுதுவது வழக்கம்.

நிரலில் பெயர்களை நேரடியாக எழுதி, இது மல்லியானால் இங்கே, அது சுங்குடியானால் அங்கே என்று நிபந்தனை மேல் நிபந்தனையாக அடுக்குவதைத் தவிர்க்க வேண்டும். தரவுத்தளத்தில் இரண்டு நெடுவரிசைகளுடன் ஓர் அட்டவணை போதும்: ஒன்றில் ஹோஸ்ட் பெயர், மற்றொன்றில் வாடிக்கையாளர் எண். பெயர் நெடுவரிசை தனித்தன்மை வாய்ந்ததாக இருக்க வேண்டும். கோரிக்கை வந்தவுடன் மிடில்வேர் ஹோஸ்ட் பெயரை எடுத்து, போர்ட் எண்ணை நீக்கி, சிறிய எழுத்தாக்கி, இறுதியில் புள்ளி இருந்தால் அதையும் அகற்றி, பிறகே அட்டவணையில் தேட வேண்டும். இறுதிப் புள்ளி விளையாட்டுப் பேச்சன்று, டி.என்.எஸ். கணக்கில் புள்ளியுடன் முடியும் பெயர்தான் முழுமையான பெயர், உலாவிகளும் அதை ஏற்கின்றன. அட்டவணையில் கிடைத்த வாடிக்கையாளர் எண்ணைக் கோரிக்கையோடு இணைத்துவிட்டால், அதற்குப் பின் செயலியின் எந்தப் பகுதியும் ஹோஸ்ட் பெயரைத் திரும்பப் பார்க்கக் கூடாது. கிடைக்காவிட்டால் 404 கொடுத்து நிறுத்த வேண்டும். ஏதோ ஒரு தளத்தைக் காட்டிச் சமாளிக்கக் கூடாது.

ஜாங்கோவில் அலவ்டு ஹோஸ்ட்ஸ் என்ற பட்டியல் உண்டு. அதில் இல்லாத பெயருக்குச் செயலி 400 பிழையைத் தரும். அது தொல்லையாக இருக்கிறது என்று உடுக்குறி ஒன்றை மட்டும் போட்டுப் பட்டியலைச் செயலிழக்கச் செய்பவர்கள் பலர். அப்பட்டியல் எதற்கென்று ஒருமுறை பார்த்தால் அவ்வாறு செய்ய மனம் வராது. கடவுச்சொல் மறந்தவருக்குச் செயலி மின்னஞ்சல் அனுப்புகிறது. அதில் உள்ள இணைப்பை, கோரிக்கையில் வந்த ஹோஸ்ட் பெயரை வைத்தே பெரும்பாலும் உருவாக்குகிறது. மண்டப மேலாளரின் மின்னஞ்சலைக் கொடுத்து, ஹோஸ்ட் வரியில் தன் சொந்தத் தளத்தின் பெயரை எழுதி ஒருவர் கோரிக்கை அனுப்பினால், மேலாளருக்கு நம் சர்வரிலிருந்தே உண்மையான மின்னஞ்சல் போகும். அதில் உள்ள இணைப்போ அந்நியர் தளத்துக்கு இட்டுச் செல்லும். மேலாளர் அதை அழுத்திய நொடியில் இரகசியக் குறி கைமாறிவிடும். உறைமேல் உள்ள பெயரை அனுப்புநர்தான் எழுதுகிறார் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். மின்னஞ்சலில் இடும் முகவரியை அட்டவணையிலிருந்து எடுப்பதே சரி. கோரிக்கையிலிருந்து எடுக்கக் கூடாது.

குக்கீகளைப் பற்றி ஒரு சொல்: டொமைன் என்ற பண்பைக் குறிப்பிடாமல் விட்டால் குக்கீ அதை வைத்த பெயருக்கு மட்டுமே திரும்பும். வாடிக்கையாளர்களைத் துணைப்பெயர்களில் வைத்திருப்பவர்கள் தாய்ப்பெயரை அதில் எழுதிவிட்டால், ஒருவர் குக்கீ எல்லோருக்கும் போகும்.

ஆறாம் படி: கேஷ், எங்கள் கைப்பட்ட பிழை

முகூர்த்த நாள்களுக்கு முதல்நாள் விடியலில் மல்லிகை விலைப் பக்கத்துக்குக் கூட்டம் கூடும். அதைத் தாங்குவதற்காக, ஒரு சித்திரை மாதத்தில், ஒருமுறை தந்த பக்கத்தைச் சேமித்து வைத்து மீண்டும் தரும் என்ஜின்எக்ஸின் கேஷ் வசதியைப் பத்து நிமிட ஆயுளுடன் இயக்கினேன். மூன்று தளங்களுக்கும் ஒரே கேஷ் இடம். மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் பூ வியாபாரியிடமிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, நம்ம பூக்கடையில எப்பப்பா சேலை போட்டீங்க? ரேட்டு எங்க?"

"அண்ணாச்சி, ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தால், அவர் சொன்னது உண்மை. முகவரிப் பட்டையில் பூக்கடையின் பெயர், சான்றிதழ் பூக்கடையுடையது, பக்கத்தில் சுங்குடிச் சேலைகள். பெயர்ப் பொருத்தம், சான்றிதழ், ஹோஸ்ட் வரி, செயலியின் அட்டவணை ஆகிய நான்கும் பிழையின்றி இருந்தன. இரண்டு நிமிடங்கள் நாற்பது நிமிடங்கள் ஆயின.

காரணம் இதுதான். சேமித்த பக்கத்தை மீண்டும் கண்டெடுக்க என்ஜின்எக்ஸ் ஒரு திறவுச்சொல்லை உருவாக்குகிறது. நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் அதில் மூன்று பகுதிகள் இருக்கும்: நெறிமுறை, ப்ராக்ஸி ஹோஸ்ட், பாதை. இங்கே ப்ராக்ஸி ஹோஸ்ட் என்பது உலாவி கேட்ட பெயரன்று. ப்ராக்ஸி பாஸ் வரியில் நாம் எழுதிய 127.0.0.1:8000. மூன்று தளங்களும் ஒரே செயலிக்குப் போவதால் மூன்றின் முகப்புப் பக்கத்துக்கும் திறவுச்சொல் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, எந்தத் தளத்துக்கு முதல் பார்வையாளர் வந்தாரோ அத்தளத்தின் முகப்பு மூன்று பெயர்களுக்கும் பதிலாகப் போய்க்கொண்டிருந்தது. அன்று அதிகாலையில் யாரோ ஒருவர் சேலை பார்த்திருக்கிறார்.

திருத்தம் ஒரே வரி: ப்ராக்ஸி கேஷ் கீ என்ற கட்டளையில் நெறிமுறைக்கும் பாதைக்கும் இடையே ஹோஸ்ட் மாறியை வைப்பது. திறவுச்சொல் மாறியவுடன் பழைய சேமிப்புகளை யாரும் தேடி வரமாட்டார்கள். அவை தாமாகவே காலாவதியாகும். உள்நுழைந்தவர்களுக்கான பக்கங்கள் கேஷில் சேராதபடி அன்றே விலக்கியிருந்ததால் முன்பதிவு விவரங்கள் எதுவும் வெளியாகவில்லை. அது என் சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். நகலெடுத்த மாதிரிக் கோப்பில் அந்த வரி இருந்தது. செயலிக்குள் ரெடிஸ் போன்ற நினைவகச் சேமிப்பு மென்பொருள்களில் சேமிப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: திறவுச்சொல்லில் வாடிக்கையாளர் எண் இருக்கிறதா?

ஏழாம் படி: தமிழெழுத்துப் பெயர்கள்

இணையப் பெயர்களைத் தமிழிலேயே வாங்க முடியும்; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய இறுதிப் பகுதிகள் தமிழெழுத்தில் இருக்கின்றன. 2007இல் பன்மொழிப் பெயர்களுக்கான சோதனை தொடங்கியபோது உதாரணம்.பரிட்சை என்ற தமிழ்ப் பெயரும் அதில் இருந்தது. ஆனால் ஹோஸ்ட் வரியில் தமிழெழுத்து வருவதில்லை. உலாவி அப்பெயரின் ஒவ்வொரு பகுதியையும் ப்யூனிகோடு என்னும் முறையில் ஆங்கில எழுத்துகளாக மாற்றி, முன்னே எக்ஸ், என், இரண்டு சிறுகோடுகள் சேர்த்து அனுப்புகிறது. ஆகவே சர்வர் நேம் வரியிலும், அலவ்டு ஹோஸ்ட்ஸ் பட்டியலிலும், நம் அட்டவணையிலும் இந்த மாற்றிய வடிவத்தையே எழுத வேண்டும். திரையில் காட்ட மட்டும் தமிழ் வடிவத்தை வேறொரு நெடுவரிசையில் வைத்துக்கொள்ளலாம்.

மாற்றிய வடிவம் நீண்டுவிடும். பெயரின் ஒரு பகுதி 63 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு இந்த வடிவத்துக்கே பொருந்தும் என்பதால், கடையின் முழுப்பெயரையும் முகவரியாக்க விரும்பும் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. நீண்ட பெயரைச் சேர்த்தபின் என்ஜின்எக்ஸ் தொடங்க மறுத்து, சர்வர் நேம்ஸ் ஹேஷ் பக்கெட் சைஸ் என்பதைக் கூட்டச் சொன்னால், அடுத்த இரட்டிப்பு மதிப்பை, அதாவது 32 இருந்தால் 64ஐ, கொடுத்தால் போதும்.

எழுத்துகளில் கவனம் வேண்டும். கொ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இவற்றை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. இயல்பாக்கத்தை உலாவி செய்துவிடும். நம் நிரல் நேரடியாக மாற்றினால் நாம்தான் செய்ய வேண்டும். இயல்பாக்கத்தால் தீராததும் உண்டு: ஔ என்ற ஒரே எழுத்தும், ஒ, ள என்ற இரண்டு எழுத்துகளும் யூனிகோடுக்கு முற்றிலும் வேறு. தமிழ் எண்ணான ௧ க போலவும், ௭ எ போலவும் தோன்றும். வாடிக்கையாளர் அச்சடித்துத் தந்த அட்டையைப் பார்த்துத் தட்டச்சு செய்யாமல், அவர் பதிவுசெய்த பெயரின் மாற்றிய வடிவத்தைப் பதிவாளர் பக்கத்திலிருந்தே நகலெடுக்க வேண்டும்.

எட்டாம் படி: சோதித்தல்

கோப்பைச் சேமித்ததும் என்ஜின்எக்ஸைச் சிறுகோடு, சிறிய டி என்ற தேர்வுடன் இயக்கி, எச்சரிக்கை வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரிய டி கொடுத்தால் உள்ளிழுக்கப்பட்ட அனைத்துக் கோப்புகளும் படிக்கப்படும் வரிசையிலேயே திரையில் கொட்டும். எந்தப் பகுதி முன்னே வருகிறது என்ற ஐயம் அதில் தீர்ந்துவிடும். அப்பாச்சியில் இதற்கு இணையானது அப்பாச்சி கண்ட்ரோல் கட்டளையுடன் பெரிய எஸ்.

டி.என்.எஸ். மாறும் முன்பே சோதிக்க, நம் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வரின் முகவரியையும் பெயரையும் ஒரே வரியில் எழுதினால் உலாவி நேராக அங்கே போகும். வேலை முடிந்ததும் அந்த வரியை நீக்க மறக்கக் கூடாது. கட்டளைவரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கர்ல் கருவியில் ஹோஸ்ட் ஹெட்டரை மட்டும் மாற்றி அனுப்புவது அரைச் சோதனைதான்: உறைக்குள் உள்ள பெயர் மாறும், வாசலில் சொல்லும் எஸ்.என்.ஐ. பெயர் மாறாது. ரிசால்வ் என்ற தேர்வில் பெயர், போர்ட், ஐ.பி. முகவரி மூன்றையும் முக்காற்புள்ளியால் பிரித்துக் கொடுத்தால் இரண்டு பெயர்களும் சேர்ந்தே மாறும்.

நாங்கள் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் இதே முறையில் மூன்று பெயர்களின் முகப்பையும் அடுத்தடுத்து இரண்டு சுற்று கேட்டு, ஒவ்வொன்றின் தலைப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இரண்டாவது சுற்று கேஷுக்காக. பிறகு இல்லாத ஒரு பெயரிலும், வெறும் ஐ.பி. முகவரியிலும் கேட்கிறோம், இரண்டுக்கும் பதில் வராமல் இணைப்பு அறுந்தால்தான் சரி.

பதிவுக் கோப்பையும் மாற்றியாக வேண்டும். என்ஜின்எக்ஸ் இயல்பாக எழுதும் பதிவு வரியில் வந்தவரின் முகவரி, நேரம், பாதை, பதில் எண் எல்லாம் இருக்கும். ஹோஸ்ட் பெயர் மட்டும் இருக்காது. லாக் ஃபார்மட் கட்டளையில் ஹோஸ்ட் மாறியை முதல் சொல்லாகச் சேர்த்துக்கொண்டோம். அதைச் சேர்த்த அன்று மாலையே பதிவைத் திறந்து பார்த்தபோது, மூன்று வாடிக்கையாளர் பெயர்களுக்கிடையே வெறும் ஐ.பி. முகவரியைத் தாங்கிய வரிகள் நிறைய இருந்தன. யாரோ எங்கிருந்தோ கதவுகளைத் தட்டிப் பார்க்கும் தானியங்கிகள் அவை. ஒவ்வொன்றின் இறுதியிலும் 444 என்றிருந்தது.